காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் மலர் விடாத பை

என் நாத்தனார் மலருக்கு வரும் தையில் கல்யாணம். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. முகூர்த்தப் புடவையைத் தன் சம்பளத்தில்தான் எடுப்பது என்று ஒன்றரை வருடம் சேர்த்தாள். கார்த்திகையில் ஒரு ஞாயிறு, நாங்கள் இருவரும் காஞ்சிபுரம் கிளம்பினோம். பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத குரல் அவளுக்கு. அதனால் பேரம் பேசுவது நான், பை தூக்குவது நான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நான்தான் ஊர் ஊராகச் சுற்றுகிறவள் அல்லவா!

காலை 6.50க்கு ராணிப்பேட்டை முத்துக்கடையில் பஸ். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பது ரூபாய். எட்டே காலுக்குக் காஞ்சிபுரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் சின்ன காஞ்சிபுரம், ஆளுக்கு இருபது. தெரிந்த நெசவாளர் வீட்டில் இரண்டு மணி நேரம் பார்த்து, அரக்கு நிறத்தில் மாம்பழ மஞ்சள் பார்டர் வைத்த புடவையை மலர் எடுத்தாள். பதினெட்டாயிரத்து ஐந்நூறு. பெருமாளைச் சேவித்து, சாப்பிட்டு, 2.10க்கு பஸ் ஸ்டாண்ட் வந்தோம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பை என் மடியில். பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"யக்கா, முதுகெல்லாம் சேறு பாரு!"

தொட்டுப் பார்த்தால் ஈரம். பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து, முந்தானையை இழுத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் என் முதுகைத்தான் பார்த்தார்கள்.

"உடு! பைய உடுடா!"

திரும்பினேன். வேறொருவன் பையின் ஒரு கைப்பிடியை இழுக்கிறான்; மற்றதை மலர் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் முட்டி தேய்ந்தும் விடவில்லை. "திருடன், திருடன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மொத்த ஸ்டாண்டும் திரும்பியது. ஒரு கண்டக்டர், "புடிங்கபா அவன!" என்று ஓடி வர, பையை விட்டுவிட்டு அவன் கூட்டத்தில் மறைந்தான். சேறு காட்டியவனையும் காணவில்லை.

பூ விற்ற அம்மா தண்ணீர் கொடுத்தார். "இன்னா தைரியம்மா உனுக்கு! போன மாசம் ஒரு பொண்ணு இப்டிதான் பைய உட்டுட்டு அழுதுக்கினு போச்சு."

அவள் முட்டியைத் துடைத்துவிட்டபடி கேட்டேன். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது, மலர்?"

"எல்லாரும் சேத்தப் பாத்தீங்க, அண்ணி. நான் பையப் பாத்தேன். கம்பெனி வாசல்ல என் ஃப்ரெண்டு போனு இப்டிதான் போச்சு."

போலீஸ் உதவி மையத்தில் இருவரின் அடையாளத்தையும் சொல்லிவிட்டு, 3.05 பஸ்ஸில் ஏறினோம்.

புடவை எடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: யாராவது சேறு, சட்னி, கீழே விழுந்த நோட்டு என்று எதைக் காட்டினாலும், முதலில் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கறையை வீட்டில் துவைக்கலாம். இரண்டு பேராகப் போனால் ஒருவர் கண் பையிலேயே இருக்கட்டும். இழுத்தால் கூச்சப்படாமல் கத்துங்கள். அவன் கையில் கத்தி தெரிந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் நம்பவில்லை. "கத்தினாளா? நம்ம மலரா?"

"நம்ம மலர்தான்," என்றேன். அன்று மாலை முழுக்க எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.