வரவேற்பு மேளம்

கல்வராயன் மலைக்கு என்னைக் கிளப்பிவிட்டது ஒரு முப்பது விநாடி விளம்பரம். மூடுபனி, தலையில் இறகு செருகிய பெண்கள், பின்னணியில் ஒரு மேளம். 'ஆதிக்குடிகளின் இசை உங்களை வரவேற்கிறது' என்றது குரல். இதற்கெல்லாம் மயங்குகிற ஆள் நான் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஐப்பசியில் லீவு கிடைத்ததும் முதல் வேலையாக அந்த விடுதியில் அறை போட்டேன்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது பகல் இரண்டரை. வெள்ளிமலை பஸ் அப்போதுதான் போயிருந்தது. ஆட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு கேட்டார்கள், பேரம் பேசி ஆயிரம். ஓட்டுநர் சின்னசாமி மலைக்காரர். மாமனார் சாகக் கிடக்கிறாராம், மனைவி அங்கேயே இருந்து பார்த்துக்கொள்கிறாராம்.

"ஒரு வாரமா இழுத்துகினு கெடக்குறாரு மேடம். அந்த ஊர்ல டவர் இல்ல. மேளம் கேட்டாத்தான் தெரியும். சவாரிய வுட்டுட்டு எத்தினி நாளு குந்திகினு இருக்கறது?"

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது விளம்பரத்து இறகுகளைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

"நாங்க எப்ப மேடம் இறகு கட்னோம்? அது விடுதிக்காரங்க கொண்டாந்தது. மேளம் மட்டும் நம்முளுது. ஒரு சாவுல வந்து ரெக்கார்டு பிடிச்சுகினு போனாங்க."

"சாவு மேளமா?"

"ஆமா. தெனம் ஸ்பீக்கர்ல போடுறாங்க. மொதோ வாரம் பொம்பளைங்க மாரடிச்சுகினு ஓடியாந்தாங்க. இப்ப ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

யாரோ ஒருவருடைய சாவைக் காசு கொடுத்துக் கேட்கப் போகிறேன்.

நாலரை மணி வாக்கில் ஒரு கொண்டை ஊசி வளைவில் மேளம் கேட்டது. பனிக்குள்ளிருந்து வந்தது, திசை பிடிபடவில்லை. இவ்வளவு தெரிந்த பிறகும் என் கை போனைத்தான் தேடியது. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"டேப்பு மேடம், நல்லா எடுத்துக்கோங்க" என்று சின்னசாமி பீடி பற்றவைத்தார்.

ஒரு இடத்தில் மேளம் தடுமாறி, நின்று, மறுபடி தொடங்கியது. டேப் இப்படித் தடுமாறுமா என்று தோன்றியது. அவரிடம் கேட்கவில்லை.

விடுதி இருட்டாகக் கிடந்தது. தலையில் இறகும் கையில் மெழுகுவர்த்தியுமாக வரவேற்பாளர் ஓடிவந்தார். "மன்னிச்சுக்கோங்க மேடம். காலையில இருந்து கரண்ட் இல்ல, ஜெனரேட்டரும் ரிப்பேரு. இன்னைக்கு வரவேற்பு மேளம் போட முடியல."

அவர் சொல்லி முடித்த பிறகும் மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சின்னசாமி வண்டியைத் திருப்பினார். இறங்கியிருந்த நான் மறுபடி ஏறிக்கொண்டேன். பெட்டி வண்டிக்குள் இருந்தது என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

அரை மணி நேரத்தில் அவருடைய மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மேளம் அடங்கியிருந்தது. வாசலில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். அவருடைய மனைவி எழுந்து வந்தாள்.

"மழை வருதுன்னு இப்பத்தான் தூக்கினு போனாங்க. மத்தியானத்துலேர்ந்து அடிச்சுகினே இருந்தாங்க. பக்கத்து ஊர்லேர்ந்து ஒருத்தரும் வரல, தூக்கக்கூட ஆள் பத்தல. அவங்களுக்குத்தான் கேக்கல, உனக்குமா கேக்கல?"

"கேட்டுச்சு" என்றார் சின்னசாமி. பிறகு சுடுகாட்டுப் பக்கம் ஓடினார். எனக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் மலையிறங்கிவிட்டேன். வீடியோவை எங்கேயும் போடவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. அதில் 'டேப்பு மேடம்' என்று சின்னசாமியின் குரல் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: வெள்ளிமலைக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் உண்டு, நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் ஸ்வெட்டர் தேவை. மாலை நாலுக்குள் மலை ஏறிவிடுவது நல்லது, பிறகு பனியில் சாலை தெரியாது. அந்த விடுதியில் தங்குவது உங்கள் இஷ்டம். மேளம் கேட்டால் மட்டும், போனை எடுப்பதற்கு முன், கரண்ட் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.