போன் கண்ணாடியில் ஒரு இன்ட்டு

மாமாவின் போன் கண்ணாடியில் வெள்ளி நிறத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. எங்கள் கம்பெனியில் அதை இன்ட்டு என்போம். அக்கா போட்டது. மாமா இன்னும் அதைத் துடைக்கவில்லை.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் எங்கள் லைனுக்குச் சூப்பர்வைசர். அவர் வீட்டுக்காரரை நாங்கள் எல்லோரும் மாமா என்றே கூப்பிடுவோம். தோலில் குறி போடும் வெள்ளிப் பேனா எப்போதும் அக்காவின் கொண்டையில் செருகியிருக்கும். தையல் கோணினால் இன்ட்டு. அந்த ஷூ திரும்பி வந்துவிடும். "நாலு பேரு பாத்துட்டாங்கக்கா" என்று கெஞ்சினால், "பாத்தாங்க சரி, செக் பண்ணாங்களா?" என்பார். அப்போது அவரை முணுமுணுத்துத் திட்டாத நாள் கிடையாது.

அக்காவுக்கு வாயில் புற்றுநோய். இனி குணமாக்க முடியாது என்றான பிறகு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வலிக்கு மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்து, வேளை தவறாமல் கொடுங்கள் என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். மாமா கொடுக்கவில்லை. வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருவன் அவர் போனில் வந்த வீடியோவில் அரை நிமிடத்தில் சொல்லி முடித்திருந்தான்: இதைக் கொடுத்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். "எத்தினி பேரு லைக் போட்டுக்கிறாங்க பாரு. பொய்யா சொல்லுவான்?" என்று மாமா என்னிடம் கேட்டார். பொல்லாத மனிதராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அக்காவின் கால்மாட்டை விட்டு நகராதவர். அக்காவை இழக்கப் பயந்துதான் மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்த அக்காவின் கை வலியில் வெளுத்துப் போயிருக்கும்.

ஒரு மத்தியானம் நான் போயிருந்தபோது, பேச்சு நின்றுபோன அக்கா போனுக்குக் கை நீட்டினார். அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. தலைமாட்டிலிருந்த வெள்ளிப் பேனாவை எடுத்து, அந்த ஆளின் முகத்தின் மேல் இன்ட்டு போட்டார்.

"இன்னாம்மா கிறுக்கறே?" என்றார் மாமா.

"கிறுக்கல மாமா. ரிஜெக்ட் பண்றாங்க" என்றேன்.

மாமா வீடியோவை நிறுத்தினார். பிறகு போய் அரிசி டப்பாவைத் திறந்தார்.

அன்று அக்கா முகம் சுளிக்காமல் தூங்கினார். விழித்ததும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரமே இறந்துபோனார். நோய்தான் கொண்டுபோனது, மாத்திரை இல்லை என்று வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நர்ஸ் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். மாமா எங்கே கேட்கிறார்?

இப்போதும் நான் போகும்போதெல்லாம் அதே வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அவன் சொன்ன மாரியே ஆய்டுச்சே. நான் குடுக்காம இருந்திருந்தா இருந்திருப்பாளா?" என்கிறார். நான் அந்தக் குறியைக் காட்டுகிறேன். கட்டைவிரல் அதன் மேல் பட்டுவிடாமல் ஓரமாகத் தொட்டு, மாமா வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறார்.