துண்டுக்கொரு பாலன்

மாவுக்குள் பொம்மையை அமுக்கும்போது லூர்தம்மா கண்ணை மூடிக்கொள்வார். எங்கே ஒளித்தோம் என்று ஒளித்தவருக்கே தெரியக் கூடாதாம். "ஏரோதுவின்ர ஆக்கள் வந்து கேட்டா நான் வாய் உளறிப்போடுவன்" என்பார்.

நோர்பரியில் ரொசாரியோ என்ற மெக்சிக்கோப் பெண் நடத்தும் வெதுப்பகத்தில் அவருக்கும் எனக்கும் வேலை. ஜனவரி ஆறு, யேசு பாலனைத் தேடி வந்த மூவிராசாக்கள் திருநாளுக்கு அங்கே வளையமாக இனிப்புப் பாண் சுடுவார்கள். மேலே, கிரீடத்தில் பதித்த கற்கள் மாதிரி, சீனியில் ஊறிய பழங்கள். பாண் ஸ்பெயினிலிருந்து மெக்சிக்கோவுக்குப் போன வழக்கம். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு யேசு பாலன், ஏரோது அரசன் கொல்லத் தேடியதால் ஒளித்து வைத்த குழந்தை. யாருடைய துண்டில் பாலன் வருகிறாரோ அவர், பெப்ரவரி இரண்டு, மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாளன்று, எல்லாருக்கும் தமாலே அவித்துக் கொடுக்க வேண்டும். சோளமாவுக்குள் இறைச்சி வைத்து, சோளப்பொத்திச் சருகில் பொதிந்து அவிப்பது. அது மட்டும் அந்த மண்ணின் சொந்தச் சாப்பாடு. ஸ்பானியர் வருமுன்பே தங்கள் தெய்வங்களுக்குப் படைத்தது.

செலவுக்குப் பயந்து பாலனை விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு என்று ரொசாரியோ சிரிப்பாள். லூர்தம்மா சிரிக்கமாட்டார். மாக்கையோடு சிலுவை போட்டுக்கொள்வார். பாண் சுடும் வெதுப்பி அடுப்பைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். "தம்பி, கருக்கிப்போடாதை."

மகள் டயனாவைப் பற்றி மட்டும் பேசமாட்டார். மருமகன் றொமேஷ் ஏற்கெனவே மணமுடித்து விவாகரத்தானவன். அப்படியானவருக்குக் கத்தோலிக்கக் கோயிலில் கலியாணம் இல்லை; கவுன்சில் மண்டபத்தில்தான் நடந்தது. தாய் போகவில்லை. அன்றிலிருந்து மகள் தான் குடியிருக்கும் கிங்ஸ்பரியை விட்டு இந்தப் பக்கம் வரவில்லை. கைப்பேசி அடித்தால் லூர்தம்மா ஓடுவார். திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பி வருவார்.

இந்த ஆண்டு ஒரு வளையத்துக்கு மட்டும் அவர் கண்ணை மூடவில்லை. கைநிறையப் பாலன்களை எடுத்துச் சுற்றிவர அமுக்கினார். இது கள்ள ஆட்டம் என்றாள் ரொசாரியோ.

"கள்ளந்தான்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். "எந்தத் துண்டை வெட்டினாலும் அவள் தப்ப ஏலாது."

பாணைக் கிங்ஸ்பரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். தமாலே விதியையும் சொல்லிவிட்டு வந்தேன். டயனா பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

பெப்ரவரி இரண்டாம் திகதி, பூசை முடிந்து லூர்தம்மா வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பூசையால் வந்ததிலிருந்தே அவர் ஏப்ரனோடுதான் இருந்தார். சோளச் சருகு வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. யாரும் வருவதாகச் சொல்லவில்லை.

மணி அடித்தது. டயனா. அவளுக்குப் பின்னால், வாசற்படி ஏறாமல், சோளமாப் பையை அணைத்தபடி றொமேஷ்.

அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பாலன்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள்.

"என்னம்மா உது, பாணோ, நேர்சரியோ? எனக்கு அவிக்கத் தெரியாது. இவர் யூடியூப் பாத்து அவிச்சவர். கல்லு."

லூர்தம்மா மகளைத் தாண்டி வாசலுக்குப் போனார். ஏப்ரனை அவிழ்த்து, ஒருதரம் உதறி, அதன் கழுத்துப் பட்டியை அவன் முன் இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்தார்.

றொமேஷ் படியேறி வந்து தலையைக் குனிந்தான்.