அனுபல்லவிக்கு முன்னால் ஒரு செருமல்

பாட்டு சொல்லித்தருகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு: மாணவன் நாம் கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. உங்களில் பாட்டு வகுப்பு நடத்துகிறவர்கள் இதற்குத் தலையாட்டுவீர்கள். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால் என் வகுப்பில் எழுத்து வேலை கிடையாது. நான் பாடுவேன், அவர்கள் அப்படியே திருப்பிப் பாடவேண்டும்.

வெள்ளைக்கார அம்மா

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மா என்னிடம் ஒரு கீர்த்தனை கற்றுக்கொண்டார். பல்லவி முடிந்ததும் "ஹ்க்கும்" என்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் அனுபல்லவியைத் தொடங்குவார். தினமும் அதே இடம். சளியா என்று கேட்டேன். போனில் பதிவு செய்து வைத்திருந்த என் பாட்டைப் போட்டுக் காட்டினார். அதிலும் அதே இடத்தில் "ஹ்க்கும்".

"நீங்க பாடினதுதான் சார், நான் ஒண்ணும் விடலை."

வீட்டில்

முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி இதை ஒரு நாளும் சொன்னதில்லை. அதை மனசில் வைத்திருக்கிறேன். வேங்கிக்காலில் இருக்கும் என் மகளிடம் முறையிட்டேன். அவள் அந்தப் பாட்டைப் பாடித்தான் குழந்தையைத் தூங்க வைப்பாள்.

"அந்த இடத்துல செருமாம விட்டா உன் பேத்தி கண்ணைத் தொறந்து பாக்குதுப்பா!"

செல்வம்

ஒன்பது வருஷம் என்னிடம் படித்தவன் செல்வம். முதல் கச்சேரி நோட்டீஸில் குரு என்று என் பேரைப் போடவில்லை. அன்றிலிருந்து தேரடியில் அவனைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அவன் என்னைச் சுத்தமாக மறந்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

போன மாசம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் மேடையில் அவன். அதே கீர்த்தனை. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பல்லவி முடிகிறவரை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். செருமாமல் போய்விட்டால் நான் ஊரில் சொன்னது உண்மையாகிவிடும்.

மைக்கில் "ஹ்க்கும்" என்று கேட்டது. மிருதங்கக்காரர்கூட அதற்கு இடம் விட்டு வாசித்தார்.

பந்தியில் அவனே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பல வருஷம் கழித்துப் பேசினேன். "டேய், அந்தச் செருமல் என் தொண்டைக் கோளாறுடா. பாட்டுல கிடையாது. விட்டுடு."

"என்னாங்க ஐயா இப்ப வந்து சொல்றீங்க, நான் பத்து பேருக்கு சொல்லிக் குடுத்துட்டேனே!"

செல்வத்தோடு இப்போது பேசுகிறேன், ஆனால் நோட்டீஸில் பேர் போடாத கோபத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.