அளக்கலாம், சொல்லிக்கொடுக்கக் கூடாது

சென்ற வெள்ளிக்கிழமை பின்னேரம் நிரோஜா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோள்பையைக் கழற்றி மேசையில் வைத்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். அவள் தேத்தண்ணி வேண்டாம் என்றால் ஏதோ பெரிய விசயம் என்று எனக்குத் தெரியும்.

"அன்ரி, ஒரு பிள்ளைக்குக் கணக்கு விளங்கப்படுத்தினால் அதுக்கும் விசாரணை வைப்பினமோ?"

பகிடி விடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. அவளை ஒழுக்காற்று விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். குற்றம் — பதினோராம் தரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பின்னக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது. வேலை போனாலும் போகலாம். போனால், மாதச் சம்பளம் என்று அந்த வீட்டுக்கு வருவது அது ஒன்றுதான்.

இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என் கோபம் புதிதில்லை. கொஞ்சம் குறைத்து எழுதுங்கள், பிரஷருக்குக் கூடாது என்று அக்கறையோடு சொல்கிற வாசகர்களும் உண்டு. இந்த வாரம் குறைக்க முடியாது. மன்னியுங்கள்.

முதலில் நிரோஜா யார் என்று சொல்லிவிடுகிறேன். உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறாள். தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். சொந்தமாக வயல் கிடையாது. தகப்பன் எங்களைப் போன்றவர்களின் வயலில் வரம்பு கட்டி, மருந்தடித்து, அந்தக் கூலியில் மகளைப் படிப்பித்தார். அவள் பல்கலைக்கழகம் போனாள். அங்கே போய்க் கணிதம் படித்தாள். கணிதம்! எங்கள் ஒழுங்கையில் அந்தப் பாடத்தின் பெயரைச் சொன்னாலே எழும்பிப் போகிற ஆட்கள்தான் அதிகம். நானும் அதில் ஒருத்தி.

பட்டம் எடுத்தாள். பிறகு நாட்டு வழக்கப்படி சில வருடம் வேலையில்லாப் பட்டதாரியாகவும் இருந்தாள். கடைசியில் அரசாங்கம் ஒரு நியமனம் கொடுத்தது — அபிவிருத்தி உத்தியோகத்தர். பூநகரிப் பக்கத்தில் ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் சேர்த்து அவளைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த அன்றைக்குத்தான் தெரிந்தது, அவளுக்கு இருக்கக் கதிரை இல்லை. பட்டதாரிகளை மொத்தமாக எடுத்து, மொத்தமாக அனுப்பிவிட்டார்கள். மேசை இல்லை, கதிரை இல்லை, உண்மையைச் சொன்னால் வேலையும் இல்லை. முன்னதாக வந்தவர்கள் வீட்டிலிருந்து பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து, முதுகில் பெயின்ரால் பெயர் எழுதி வைத்திருந்தார்களாம். இவளும் கொண்டுபோனாள். பரந்தன் சந்தியில் பஸ் மாறும்போது, கதிரைக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னாராம் கொண்டக்டர்.

சரி... அந்தக் கதிரையில் இருந்து என்ன செய்வாள்? காலையில் கையெழுத்து வைப்பாள். பின்னேரம் கையெழுத்து வைப்பாள். இடையில் ஏதாவது விழா வந்தால் குத்துவிளக்குக்கு எண்ணெய் விடுவாள். நாடு காசு செலவழித்துப் படிப்பித்த கணிதப் பட்டதாரி!

அந்த அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பாடசாலை. அங்கே கணித ஆசிரியர் இல்லை. நியமனம் கிடைத்து வருகிறவர்கள் வெயிலைப் பார்க்கிறார்கள், பஸ்ஸைப் பார்க்கிறார்கள், யாரையோ பிடித்து இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கணக்குப் பாட நேரத்தில் சமயபாட ரீச்சர் வந்து, புத்தகத்தில் உள்ளதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவார். அவரை என்ன சொல்ல? அவரும் கணக்குக்குப் பயந்து சமயம் படித்தவராக இருக்கலாம்.

பதினோராம் தரத்தில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் சித்தியடையாவிட்டால் உயர்தர வகுப்பு இல்லை. உயர்தரம் இல்லையென்றால்? பெடியன் களப்பில் வலை இழுக்கப் போவான். பெட்டையை ஏற்ற விடியற்காலையில் ஆடைத் தொழிற்சாலை பஸ் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான பஸ் இல்லாத ஊருக்குள் அந்த பஸ் மட்டும் ஒருநாளும் பிந்துவதில்லை. கவனித்திருக்கிறீர்களா?

பாடசாலை அதிபர் நேரே அலுவலகத்துக்கு வந்து கேட்டார். அப்போது அங்கே பொறுப்பாக இருந்தவர் நல்ல மனம் படைத்தவர். வாயால் சரி என்றார். நிரோஜா கிழமையில் இரண்டு நாள் போய்ப் படிப்பித்தாள். அந்த நாட்களில் அவள் பஸ்ஸுக்கு ஓடின ஓட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். கலர் சோக் வாங்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். என்னைக் கண்டால் இன்ன பிள்ளைக்கு இன்னது விளங்கிவிட்டது என்று, கேட்காமலே சொல்லுவாள்.

பிறகு பொறுப்பானவர் மாறிப் போனார். புதிதாக வந்தவர் சட்டம் கதைத்தார். கடமை நேரத்தில் கடமை இடத்தில்தான் இருக்க வேண்டும். பாடசாலை வேறு அமைச்சு, இது வேறு அமைச்சு. போகிற வழியில் விபத்து நடந்தால் யார் பொறுப்பு? கணக்குப் பாதியில் நிற்க, நிரோஜா திரும்பிக் கதிரைக்கு வந்தாள்.

அது நடந்து ஒரு பள்ளித் தவணை ஆகியிருக்காது. அளக்கிறவர்கள் வந்தார்கள்.

எதை அளக்க? மனித மூலதனம். பெயர் பெரிது, விசயம் இவ்வளவுதான். இன்றைக்கு ஒரு பிள்ளை எத்தனை வருடம் பள்ளிக்கூடம் போகும், போய் உண்மையில் எதைப் படிக்கும், வயதுக்கேற்ற வளர்த்தி இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். பார்த்து, இந்தப் பிள்ளை வளர்ந்து ஆளானால் எவ்வளவு தேறும் என்று ஓர் எண்ணில் சொல்லிவிடுவார்கள். வளர்ந்துவரும் நாடுகளை எல்லாம் இப்படி அளந்து வரிசையில் நிற்பாட்டுவார்கள். நாங்கள் எத்தனையாவது இடம் என்று கொழும்பில் ஒரு மேடையில் யாராவது கவலையோடு வாசிப்பார்.

அளப்பதில் எனக்குக் கோபம் இல்லை. வயல் செய்கிறவள் நான். அளக்காமல் விதைநெல்லும் எடுப்பதில்லை, பசளையும் போடுவதில்லை. ஆனால் அளந்த பிறகு விதைக்க வேண்டும் அல்லவா?

அளப்பதற்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். அலுவலகத்தில்தான் ஆட்கள் சும்மா இருக்கிறார்களே! நிரோஜாவையும் எடுத்தார்கள். வவுனியாவில் ஒரு ஹோட்டலில் பயிற்சி. ஏசி மண்டபம், மத்தியானம் புரியாணி, ஆளுக்கொரு டெப் — கையில் பிடிக்கிற சின்னக் கொம்பியூட்டர். டெப்பில் வருகிற கேள்வியைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளை சொல்கிற விடையை அழுத்த வேண்டும். பிள்ளை முழித்தால் 'தெரியாது' என்பதை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். உதவி செய்யக் கூடாது. தலையாட்டக் கூடாது. சரியோ பிழையோ, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. முகத்தை எப்படிச் சும்மா வைத்திருப்பது என்று ஒரு முழுப் பின்னேரமும் பழக்கினார்களாம்.

பிறகு எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? அதே பாடசாலைக்கு. படிப்பிக்கப் போகாதே என்று மறித்த அதே பாடசாலைக்கு, அதே கடமை நேரத்தில், வாகனத்தில் ஏற்றி அனுப்பினார்கள். இப்போது அமைச்சு வேறு இல்லையா? இப்போது வழியில் விபத்து நடக்காதா?

நூலக அறையில் ஒரு மேசை போட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதலில் வந்தவள் கீர்த்திகா. தகப்பன் களப்பில் இறால் பிடிப்பவர். முதல் சில கேள்விகளுக்குப் பிள்ளை பட்டுப்பட்டென்று விடை சொன்னது. பிறகு ஒரு கேள்வி வந்தது. ஒருவர் தன் காணியில் மூன்றில் ஒரு பங்கில் கச்சான் போட்டார், மீதியில் பாதியில் பயறு போட்டார், எவ்வளவு காணி வெறுமனே கிடக்கிறது?

பிள்ளை டெப்பைப் பார்த்தது. பிறகு நிரோஜாவைப் பார்த்தது.

"மிஸ், இது நீங்கள் அடுத்த கிழமை சொல்லித்தாறன் எண்ட கணக்கு."

அந்த 'அடுத்த கிழமை' வரவேயில்லை. அதற்குள்தான் அவளைப் பிடித்துக் கதிரையில் இருத்திவிட்டார்களே.

முகத்தைச் சும்மா வைத்திருக்கத்தான் பார்த்தாளாம். விரலும் 'தெரியாது' வரைக்கும் போனதாம். "அழுத்த ஏலாமல் போட்டுது அன்ரி" என்றாள். டெப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளையின் கொப்பியில் ஒரு பெட்டி கீறினாள். அதை மூன்றாகப் பிரித்தாள். ஒன்று கச்சானுக்கு. மற்ற இரண்டும் மீதி. அந்த மீதியில் பாதி எது என்று கேட்டாள். கீர்த்திகா விரலை வைத்துக் காட்டியது. வெறுமனே கிடப்பது எது? அதையும் காட்டியது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூடப் போகவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்த மற்றப் பிள்ளைகள் தங்களுக்கும் கீறிக் காட்டச் சொன்னார்கள். கரும்பலகையில் கீறினாள். எல்லோருக்கும் காட்டிவிட்டு, டெப்பை நிமிர்த்தி, விட்ட இடத்திலிருந்து அளந்தாள்.

முதலில் அளந்து முடித்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வாகனம் வாசலில் நின்றது. அளந்து முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சொல்லிக்கொடுக்க அவளுக்கு அந்த நேரம்தான் இருந்தது. விதிப்படி பிழை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

எங்கோ ஒரு கொம்பியூட்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுற்றுவட்டாரப் பாடசாலைகள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் முழித்த கேள்விக்கு, இந்த ஒரு பாடசாலையில் மட்டும் எப்படி எல்லோரும் சரியாகச் சொன்னார்கள்? போன் எடுத்துக் கேட்டார்கள். நிரோஜா ஒளிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதன் விளைவுதான் விசாரணை.

திங்கட்கிழமை காலை, அளவெடுக்கும் வேலையை இங்கே பார்க்கிற அதிகாரிக்கு நான் போன் எடுத்தேன். எனக்குத் தெரிந்தவர், இந்தப் பத்தியையும் வாசிக்கிறவர். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவர் என்றால் நாலு ஏச்சு ஏசிவிட்டுப் போனை வைத்திருப்பேன். இவர் ஆறுதலாக, மரியாதையாக, ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"அந்தப் பிள்ளை கெட்ட எண்ணத்திலை செய்யேல்லை அக்கா. எனக்கு அது தெரியும். ஆனால் தரவு மாசுபட்டிட்டுது."

மாசு! ஒரு பிள்ளைக்கு ஒரு விசயம் விளங்கியிருக்கிறது. படிப்புக்கான மந்திரி, பணிப்பாளர், பாடத்திட்டம், பயிற்சிப் பட்டறை எல்லாம் இருப்பது இந்த ஒன்று நடப்பதற்காகத்தான். அது நடந்ததும் அதற்குப் பெயர் மாசாம்.

அப்படியென்றால் இனி என்ன என்று கேட்டேன். அந்தப் பாடசாலையின் தரவை எடுத்துவிட்டார்களாம். எங்கெங்கே ஆசிரியர் தேவை என்று மேலிடம் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவெடுக்குமாம். தம்பி, அறிக்கையில் இல்லாத பாடசாலைக்கு ஆசிரியர் எப்படி வருவார் என்று கேட்டேன். கணக்குப் படித்த ஒருத்தி நடந்து போகிற தூரத்தில் சும்மா இருக்கிறாளே, அவளை அங்கே விட என்ன தடை என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார். யார் கையில்? அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை நாளாந்தம் அளந்து எழுதிக்கொண்டு, வயலுக்குத் தண்ணீர் விடும் துருசை மட்டும் திறக்காமல் விட்டால் எங்கள் ஊரில் என்ன நடக்கும்? கமக்காரர் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். பிள்ளைகளின் விசயத்தில் மட்டும் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அறிக்கைக்குக் காத்திருக்கிறோம்.

போனை வைக்கப் போனேன். அதற்குள் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்து ஒன்று சொன்னார். பயப்பட வேண்டாமாம், அந்தப் பாடசாலையை அடியோடு விட்டுவிட மாட்டார்களாம். வேறு ஆளை அனுப்பித் திரும்பவும் அளப்பார்களாம்.

"உடனை இல்லை அக்கா. ஒரு மாசம் விட்டு வருவினம். அதுக்கிடையிலை பிள்ளையள் மறந்திடுவினம்தானே."

வாசகர்களே, இந்த வசனத்தை இன்னொரு முறை வாசியுங்கள். படித்ததை மறக்கட்டும் என்று பிள்ளைகளுக்குத் தவணை கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க இந்த நாட்டில் ஆள் இல்லை, நேரம் இல்லை, சுற்றறிக்கை இல்லை. மறக்க வைப்பதற்கு மட்டும் நேரம் ஒதுக்கி, திட்டம் போட்டு, ஆளும் அனுப்புவார்கள்! அதிகாரியிடம் நான் என்ன சொன்னேன் என்பதைப் பத்திரிகை ஆசிரியர் பிரசுரிக்க மாட்டார். அதனால் எழுதவில்லை.

அன்று பின்னேரம் நிரோஜாவின் வீட்டுக்குப் போனேன். தகப்பன் வயலால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார். மகளுக்கு வேலை போய்விடுமோ என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்விதான் இருந்தது. விசாரணையில் என்ன சொல்லப் போகிறாய் என்று நிரோஜாவிடம் கேட்டேன். செய்ததைச் சொல்லுவேன் என்றாள். பிறகு, எனக்கே சொல்லக் கூச்சமாக இருந்த அந்த ஒரு மாதக் கதையைச் சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பாடசாலை அதிபருக்குப் போன் எடுத்து, சனி ஞாயிறுகளில் அங்குள்ள சனசமூக நிலையம் திறந்திருக்குமா என்று கேட்டாள். சனி ஞாயிறு கடமை நேரம் இல்லை. சனசமூக நிலையம் பாடசாலையும் இல்லை. எந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து மறிப்பார்கள்?

"ஒரு மாசம் போதும் அன்ரி" என்றாள். "பின்னத்தை முழுக்க முடிச்சு, சதவீதத்தையும் துவங்கிப்போடுவன்."

வரட்டும். வந்து அளக்கட்டும்.