போச்சுங்க சாம்ராஜ்யம்

எங்கள் கணபதிப் பகுதியில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு, விண்வெளிச் சாம்ராஜ்யம் கட்டும் கேம் ஆட வருவார் ஒரு பம்புசெட் கடைக்காரர். தொப்பையும் தடித்த மீசையுமாக இருப்பார். கண்ட கிரகத்துக்கெல்லாம் கப்பல் அனுப்பி, எல்லாரிடமும் சண்டை இழுப்பார். மொத்தமும் அழிந்ததும் தொடையைத் தட்டி, "போச்சுங்க சாம்ராஜ்யம்!" என்று சிரிப்பார். அதைப் பார்க்கவே அவர் முதுகுக்குப் பின்னால் கூட்டம் நிற்கும்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்று யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று, அதே கேமை நான் பக்கத்தில் உட்கார்ந்து பயந்து பயந்து ஆடுவேன். தோற்றதே இல்லை. என்னை யாரும் திரும்பிப் பார்த்ததும் இல்லை. வயிறு எரியும்.

"தோத்துப்போட்டுச் சிரிக்கிறீங்களே, கஷ்டமா இல்லீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

என் திரையை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இத்தனை கப்பலையும் கட்டி ஊட்டு வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்கறீங்க? ஒண்ணையாச்சும் அனுப்பிப் பாருங்க."

அவர் போனபின் ஒன்றை அனுப்பினேன். பாதி வழியிலேயே பயம் வந்து திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான்.