பட்டன் இல்லாத இடத்தில் சிவப்பு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஹெலனுக்கு வேலை. 'கணினிப் பிரிவு' என்று கதவில் பலகை தொங்கும். பிரிவில் இருப்பது அவள் ஒருத்திதான். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இதற்காகவா எம்.சி.ஏ. படித்தோம் என்ற எரிச்சலோடுதான் கணியம்பாடியிலிருந்து தினமும் பஸ் ஏறுவாள்.

தொழிலாளர்கள் போனில் திறந்து பார்க்கும் வலைத்தளம் அவள் செய்தது. வருகை, சம்பளச் சீட்டு, விடுப்பு, புகார் என்று நான்கு பட்டன்கள். முதல் மூன்றும் வேலை செய்தன. புகாரைத் தொட்டால் 'விரைவில்' என்று மட்டும் வரும். புகார் யாருக்குப் போக வேண்டும் என்பதை பர்சனல் மேனேஜர் செல்வகுமார் முடிவு செய்யவில்லை. எப்போது கேட்டாலும், "பாக்கலாம்மா" என்பார். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்வையிட வரும்போது பட்டன் கண்ணில் பட்டால் அவருக்குப் போதும்.

அப்படியிருக்க, ஒரு கூட்டத்துக்குப் போனவர் 'ஹீட்மேப்' என்ற சொல்லோடு திரும்பி வந்தார். பக்கத்தைத் திறப்பவர்கள் எங்கெங்கே தொடுகிறார்கள் என்று பதிவு செய்து, அதிகம் தொட்ட இடத்தைச் சிவப்பாகவும் குறைவான இடத்தை நீலமாகவும் காட்டும் படம் அது.

"நம்ம சைட்டுக்கும் வோணும்" என்றார். ஹெலன் அதையும் செய்து கொடுத்தாள்.

அடுத்த வாரம் படத்தைத் திறந்தால் மற்ற பட்டன்களெல்லாம் நீலமும் பச்சையுமாக இருக்க, புகார் மட்டும் கங்கு போலத் தகித்தது.

"இன்னாம்மா இது, ரத்தமா கெடக்குது?" என்றார் செல்வகுமார்.

"புகார் பட்டன் சார். ஒண்ணும் வர்லன்னு திரும்பத் திரும்பத் தட்றாங்க. அது யாருக்குப் போவணும்னு சொல்லுங்க, இன்னிக்கே முடிச்சிடறேன்."

"அதெல்லாம் பேஜாரு. பட்டனை எடுத்துடு. பட்டன் இல்லன்னா யார் தட்டுவாங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். அந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் மிஞ்சியது. அடுத்த வாரம் அந்த வெள்ளைச் சதுரமே சிவந்து கிடந்தது.

அவளாலேயே நம்ப முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தையல் பிரிவுக்குப் போய், அங்கே வேலை செய்யும் முபஷ்ஷிராவிடம் கேட்டாள்.

"எங்க போன்லதான் கோளாறு, பட்டன் தெரியலன்னு நெனச்சோம் மேடம். எடம் தெரியுமே, அங்கியே தட்டிப் பாக்கறோம்."

"அப்படி இன்னா புகார்?"

முபஷ்ஷிரா குரலைத் தாழ்த்தினாள். "லேடீஸ் டாய்லெட்டுக்குத் தாப்பா இல்ல மேடம். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவைப் புடிச்சிக்கினு நிக்கணும். சூப்பர்வைசர் ஆம்பள. அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஹெலன் திரும்பி வந்தபோது செல்வகுமார் அவள் மேஜை அருகே நின்றிருந்தார்.

"தட்றது யார் யாருன்னு பேரை எடு."

"இது பேர் எடுக்காது சார்."

"எடுக்கற மாதிரி மாத்து."

"மாத்த மாட்டேன் சார்."

அவர் நேராக முதலாளியிடம் போய், ஹெலன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று முறையிட்டார். முதலாளி இருவரையும் அழைத்துப் படத்தைப் பார்த்தார்.

"இந்த எடத்துல இன்னா இருக்குது?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார் செல்வகுமார்.

"ஒண்ணுமில்லாத எடத்தை எதுக்கு இவ்ளோ பேர் தட்றாங்க?"

செல்வகுமார் மின்விசிறியைப் பார்த்தார். ஹெலனுக்கு அதற்குமேல் பொறுமை இல்லை.

"ஒரு தாப்பாளுக்காக சார்! பொம்பளைங்க டாய்லெட்டுக்கு ஒரு தாப்பா வோணும்னு சொல்ல எடமில்லாம வெறும் எடத்தைத் தட்டிக்கினு இருக்காங்க."

முதலாளி உடனே ஆளனுப்பினார். சாயங்காலமே தச்சர் வந்து தாழ்ப்பாள் போட்டார். பட்டனும் திரும்ப வந்தது. புகார்கள் இனி நேராக முதலாளியின் அறைக்கே போகும் என்று உத்தரவாயிற்று. தாழ்ப்பாளுக்குப் பிறகு குடிதண்ணீர், மின்விசிறி, பஸ் நேரம் என்று புகார்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

சில வாரம் கழித்து செல்வகுமார் மறுபடியும் படத்தோடு வந்தார்.

"தாப்பா போட்டாச்சே, இன்னும் ஏம்மா செவப்பா இருக்குது?"

"இப்ப அந்தப் பட்டன் வேலை செய்யுது சார். அதனாலதான்."

அவர் யோசித்தார். "கலரையாவது பச்சையா மாத்த முடியுமா?"

ஹெலன் எழுந்து டீ குடிக்கப் போனாள்.